தெர்மோஸ்டாட் மேல் பழி போடும் முன்: அறிகுறி வாரியாகச் சோதிப்பதும் வீட்டிலேயே மாற்றுவதும்

எஞ்சின் சூடானால் தெர்மோஸ்டாட்டை, அதாவது எஞ்சின் சூடேறியதும் திறந்து கூலண்ட் என்னும் குளிர்விக்கும் திரவத்தை ரேடியேட்டருக்கு விடும் வால்வை, மாற்று என்பார்கள். எஞ்சின் சூடேறவே இல்லை என்றாலும் தெர்மோஸ்டாட்டை மாற்று என்பார்கள். நானும் ஆரம்பத்தில் அப்படித்தான் மாற்றிக்கொண்டிருந்தேன். கழற்றிய பழையதைச் சும்மா வெந்நீரில் போட்டுப் பார்த்தால், பல நேரம் அது சமர்த்தாகத் திறந்து மூடும். பழி ஓரிடம், பாவம் ஓரிடம். கூலண்ட் குறைந்திருக்கும், ஃபேன் சுற்றியிருக்காது, இல்லாவிட்டால் உள்ளே காற்று சிக்கியிருக்கும்.

அதனால் இதை அறிகுறி வாரியாக எழுதியிருக்கிறேன். உங்கள் கார் என்ன செய்கிறதோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போய்விடலாம். செலவில்லாத சோதனை முதலில் வரும், பெரிய செலவு கடைசியில். தெர்மோஸ்டாட்தான் என்று உறுதியான பிறகு படிக்க வேண்டிய மாற்றும் வேலை பின்பகுதியில் இருக்கிறது.

## கை வைக்கும் முன்

சூடான எஞ்சினில் ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது. உள்ளே அழுத்தம் இருப்பதால்தான் 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் கூலண்ட் அடங்கிக் கிடக்கிறது. மூடி தளர்ந்த நொடியில் அது பொங்கி முகத்தில் அடிக்கும். ஒரு துணியை வைத்து மேல் ஹோஸை அழுத்திப் பாருங்கள். கல் மாதிரி இருந்தால் இன்னும் நேரமாகவில்லை. தொட்டால் சுடாமல், அழுத்தினால் தொளதொளவென்று இருந்தால்தான் மூடிக்குப் போகலாம்.

மின் ஃபேன் சில கார்களில் சாவியை எடுத்த பிறகும் தானாகச் சுற்றத் தொடங்கும். கை உள்ளே போகும் வேலை என்றால் பேட்டரியின் நெகட்டிவ் ஒயரைக் கழற்றி வைத்துவிடுங்கள். அப்புறம் இன்னொன்று: பெரும்பாலான கூலண்ட்டில் இருக்கும் எத்திலீன் கிளைக்கால் நஞ்சு, ஆனால் இனிக்கும். சிந்தியதை நாய், பூனை நக்கிவிடும் என்பதால் தரையில் அப்படியே விட்டுவிடாதீர்கள்.

## முள் சிவப்புக்குப் போகிறது

டாஷ்போர்டில் எஞ்சின் சூட்டைக் காட்டும் முள் ஓட்டிக்கொண்டிருக்கும்போது சிவப்புக்குப் போனால் ஏசியை அணையுங்கள். ஹீட்டரை முழுச் சூட்டுக்கும் காற்றை முழு வேகத்துக்கும் திருப்புங்கள். ஹீட்டரும் ஒரு குட்டி ரேடியேட்டர்தான், கொஞ்சம் சூட்டை வெளியே தள்ளும். அப்படியே ஓரங்கட்டி எஞ்சினை நிறுத்திவிடுங்கள். 'இன்னும் 2 கிலோமீட்டர்தானே, வீட்டுக்குப் போய்விடலாம்' என்ற எண்ணம்தான், எஞ்சினின் மேல்பாகத்துக்கும் அடிப்பாகத்துக்கும் நடுவே அடைப்பாக இருக்கும் ஹெட் கேஸ்கட்டைக் காவு வாங்கும்.

### கூலண்ட் இருக்கிறதா?

நன்றாக ஆறிய பிறகு டேங்கில் அளவைப் பாருங்கள். தனியாக ரேடியேட்டர் மூடி இருக்கும் காராக இருந்தால் அதையும் திறந்து பார்க்க வேண்டும். ரிசர்வ் டேங்கில் கூலண்ட் நிறைய இருந்தும் ரேடியேட்டர் பாதி காலியாக இருந்ததை நான் இரண்டு மூன்று முறை பார்த்திருக்கிறேன். மூடியின் ரப்பர் இறுகிப்போனால் டேங்கிலிருந்து கூலண்ட் திரும்ப உறிஞ்சப்படாது. அப்படி இருந்தால் மூடியை மாற்றினால் போதும். இந்த வரிசையிலேயே மலிவான சாமான் அதுதான். மூடியின் மேல் 0.9, 1.1 என்பதுபோல் அழுத்த எண் அச்சிட்டிருக்கும். அதே எண்ணுள்ள மூடிதான் போட வேண்டும்.

அளவு குறைந்திருந்தால் நிரப்பிவிட்டு, எங்கே போனது என்று தேடுங்கள். ஹோஸ் முனை, வாட்டர் பம்புக்குக் கீழே, ரேடியேட்டரின் ஓரம், காருக்குள் முன் இருக்கைக்காரர் காலடியில் விரிப்பின் ஈரம் ஆகியவற்றைப் பாருங்கள். காய்ந்த கூலண்ட் வெள்ளையாகவோ பச்சை, சிவப்பு நிறத்திலோ பொரிந்துபோய் நிற்கும்.

### நின்றால் சூடு, ஓடினால் சரி

நெரிசலில் நிற்கும்போது முள் ஏறி, சாலையில் வேகமெடுத்ததும் இறங்கினால் தெர்மோஸ்டாட்டைத் தொட வேண்டாம். ஃபேனைப் பாருங்கள். எஞ்சினை ஓடவிட்டு ஏசியைப் போடுங்கள். பெரும்பாலான கார்களில் ஃபேன் உடனேயோ கொஞ்ச நேரத்திலேயோ சுற்ற வேண்டும். சுற்றாவிட்டால் முதலில் ஃபியூஸைப் பாருங்கள். அடுத்தது ரிலே, ஃபேனுக்கு மின்சாரத்தை விடும் குட்டி சுவிட்ச். அதே பெட்டியில் அதே எண்ணுள்ள வேறொரு ரிலே, பல கார்களில் ஹார்னுடையது, இருக்கும். இரண்டையும் இடம் மாற்றிப் போட்டுப் பாருங்கள். ரிலேயும் சரி என்றால் ஃபேனின் ப்ளக், கடைசியில் மோட்டார்.

ஏசி போட்டால் சுற்றுகிறது, எஞ்சின் சூடானால் மட்டும் சுற்றவில்லை என்றால் மோட்டார் நன்றாகத்தான் இருக்கிறது. கூலண்ட் சென்சாரையோ அதன் ஒயரையோ சந்தேகப்படுங்கள்.

### ஓடினால் சூடு, நின்றால் சரி

ரேடியேட்டருக்கு முன்னால் ஏசி கண்டென்சர் இருக்கும். இரண்டுக்கும் நடுவே பூச்சி, இலை, பஞ்சு எல்லாம் அடைத்திருக்கலாம். உள்ளிருந்து வெளிப்பக்கமாகத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவுங்கள். அழுத்தம் கூடினால் மெல்லிய தகடுகள் மடங்கிவிடும், குழாய்த் தண்ணீரின் வேகமே போதும்.

அடுத்து கீழ் ஹோஸ். யாராவது ஆக்ஸிலேட்டரை மிதிக்க, நீங்கள் பார்த்துக்கொண்டிருங்கள். பம்ப் இழுக்கிற இழுப்பில் ஹோஸ் சப்பிப்போனால் அது உள்ளே நைந்துவிட்டது, மாற்ற வேண்டும். இரண்டும் சரி என்றால் மிஞ்சுவது உள்ளே அடைத்த ரேடியேட்டர், தேய்ந்த வாட்டர் பம்ப், பாதி மட்டும் திறக்கும் தெர்மோஸ்டாட். மூன்றில் மலிவானது தெர்மோஸ்டாட். அதை முதலில் சோதிப்பதில் தப்பில்லை.

### கிளம்பிய சில நிமிடங்களிலேயே சூடு

மூடியபடி சிக்கிக்கொண்ட தெர்மோஸ்டாட் இப்படித்தான் காட்டும். கூலண்ட் முழுதாக இருக்கும், ஃபேன் வேலை செய்யும், ஆனால் 10 நிமிடத்தில் முள் சிவப்பைத் தொடும். உறுதி செய்ய ஹோஸ் சோதனை இருக்கிறது.

## ஹோஸ் சோதனை

இதற்கு இரண்டு கையும் கொஞ்சம் பொறுமையும் போதும். ஆறிய எஞ்சினைக் கிளப்பி ஓடவிடுங்கள். ஃபேனுக்கும் பெல்ட்டுக்கும் தள்ளி நின்று, ரேடியேட்டருக்குப் போகும் மேல் ஹோஸையும் கீழ் ஹோஸையும் ஒரு நிமிடத்துக்கு ஒருமுறை தொட்டுப் பாருங்கள். சூடு ஏறிய பிறகு கையை வைத்து அழுத்திக்கொண்டிருக்க வேண்டாம், லேசாகத் தொட்டு எடுத்தால் போதும்.

தெர்மோஸ்டாட் மேல் ஹோஸின் முனையில் இருக்கும் கார் என்றால், முதல் சில நிமிடங்கள் அந்த ஹோஸ் குளிர்ந்தே இருக்கும். முள் நடுப்பகுதியை நெருங்கும்போது திடீரென்று சூடேறும். திறந்துவிட்டது, நல்லது. முள் நடுவைத் தாண்டி ஏறிக்கொண்டே போகிறது, ஹோஸ் மட்டும் வெதுவெதுப்பாக நிற்கிறது, ரேடியேட்டரும் குளிர்ந்து கிடக்கிறது என்றால் மூடியபடி சிக்கியிருக்கிறது. முள் சிவப்பை எட்டும் வரை காத்திருக்காமல் நிறுத்திவிடுங்கள். நேர்மாறாக, கிளப்பிய இரண்டு நிமிடத்திலேயே மேல் ஹோஸ் எஞ்சினோடு சேர்ந்து மெல்லச் சூடேறினால் திறந்தபடி சிக்கியிருக்கிறது.

ஒரு எச்சரிக்கை. நிறைய கார்களில் தெர்மோஸ்டாட் கீழ் ஹோஸின் முனையில், கூலண்ட் எஞ்சினுக்குள் நுழையும் பக்கம் இருக்கும். அங்கே மேல் ஹோஸ் சீக்கிரமே சூடேறுவது இயல்பு. கீழ் ஹோஸைத்தான் கவனிக்க வேண்டும். இது தெரியாமல் ஒரு நல்ல தெர்மோஸ்டாட்டைக் கழற்றி வீணாக அரை நாள் உழைத்தவன் நான். எந்தப் பக்கம் இருக்கிறது என்பதை முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள். ஹோஸ் எஞ்சினைத் தொடும் இடத்தில் இரண்டு மூன்று போல்ட் போட்ட ஒரு கிண்ணம் மாதிரி இருக்கும். அதுதான் தெர்மோஸ்டாட் உட்கார்ந்திருக்கும் ஹவுசிங்.

### இங்கே நிறுத்திக்கொள்ளுங்கள்

காலையில் ஆறிய எஞ்சினில் மூடியைத் திறந்து வைத்துக் கிளப்பினால் ஆரம்பத்திலிருந்தே நிற்காமல் குமிழி வருகிறதா? கிளப்பிய ஒரு நிமிடத்துக்குள் ஹோஸ் கல்லாகிறதா? ஆயில் மூடியின் உள்பக்கம் மட்டுமில்லாமல் ஆயில் அளவுக் கம்பியிலும் பால் கலந்த காபி நிறம் தெரிகிறதா? சைலன்சரில் இனிப்பு வாடையோடு வெண்புகை, எஞ்சின் சூடான பிறகும் அடங்காமல் வருகிறதா? இவற்றில் ஒன்று இருந்தாலும் ஹெட் கேஸ்கட் சந்தேகம். தெர்மோஸ்டாட் வாங்கப் போகும் காசை அப்படியே வைத்துக்கொண்டு, காரை ஓட்டாமல், மெக்கானிக்கை வரச் சொல்லுங்கள். கூலண்ட்டில் எஞ்சினுக்குள் எரிந்த புகை கலக்கிறதா என்று நிறம் மாறும் திரவத்தை வைத்து அவர்கள் சில நிமிடத்தில் பார்த்துவிடுவார்கள்.

## முள் மேலே வரவே மாட்டேன் என்கிறது

15 நிமிடம் ஓட்டியும் முள் கால்வாசியில் நிற்கும். வேகமாகப் போனால் இன்னும் இறங்கும், நின்றால் கொஞ்சம் ஏறும். ஹீட்டரில் வெதுவெதுப்பான காற்றுதான் வரும். மைலேஜ் குறையும். சில நாளில் செக் எஞ்சின் விளக்கு எரிந்து, காரின் கணினியைப் படிக்கும் ஸ்கேனரில் பி0128 (எஞ்சின் போதிய சூடேறவில்லை) என்ற கோளாறு எண் காட்டும். தெர்மோஸ்டாட் உண்மையிலேயே குற்றவாளியாக இருப்பது இந்த அறிகுறியில்தான் அதிகம். ஆனாலும் மூன்று சோதனைகளைச் செய்துவிட்டுப் போங்கள்.

முதலாவது, மறுபடியும் கூலண்ட் அளவு. குறைந்திருந்தால் சென்சார் கூலண்ட்டில் முங்காமல் காற்றில் நின்று குறைவான சூட்டைச் சொல்லும். இதே பி0128 வந்துவிடும்.

இரண்டாவது, சென்சார். போனோடு இணையும் சின்ன ஓபிடி ஸ்கேனர் ஒன்று இருந்தால் இந்த வேலையில் பாதி முடிந்த மாதிரி. இரவு முழுக்க நின்ற காரில், எஞ்சினைக் கிளப்பாமல் சாவியை மட்டும் திருப்பி, கூலண்ட் சூட்டையும் உள்ளே இழுக்கும் காற்றின் சூட்டையும் பாருங்கள். இரண்டும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். 10, 15 டிகிரி வித்தியாசம் இருந்தால் சென்சாரை நம்பாதீர்கள். மைனஸ் 40 என்று காட்டினால் பெரும்பாலும் ப்ளக் கழன்றிருக்கிறது அல்லது ஒயர் அறுந்திருக்கிறது.

மூன்றாவது, ஃபேன். ஏசி போடாமல், ஆறிய எஞ்சினிலும் ஃபேன் எப்போதும் சுற்றிக்கொண்டே இருந்தால், சென்சாரிலோ ரிலேயிலோ கோளாறு.

மூன்றும் சரி, ஹோஸும் ஆரம்பத்திலேயே சூடேறுகிறது என்றால் தெர்மோஸ்டாட்டை மாற்றலாம்.

முள்ளைப் பற்றி ஒரு வார்த்தை. பல கார்களில் முள் நடுவில் நிற்கிறது என்பதற்கு அவ்வளவாக அர்த்தமில்லை. ஓட்டுபவர் பதறக் கூடாது என்று, கூலண்ட் கொஞ்சம் ஏறினாலும் இறங்கினாலும் முள் அசையாதபடி அமைத்திருப்பார்கள். ஸ்கேனர் காட்டும் எண்ணை நம்புங்கள். சூடேறிய எஞ்சின் பொதுவாக 85க்கும் 105க்கும் இடையில் நிற்கும்.

பழைய காராக வாங்கியிருந்தால் இன்னொரு சாத்தியமும் உண்டு. ஒருமுறை ஹவுசிங்கைத் திறந்தேன், உள்ளே தெர்மோஸ்டாட்டே இல்லை, வெறும் ஓட்டை. 'இது இருந்தால்தானே சிக்கும்' என்று முன்பு யாரோ கழற்றி எறிந்திருக்கிறார்கள். இந்த வைத்தியத்தை இன்றும் சிலர் சொல்கிறார்கள். கேட்காதீர்கள். எஞ்சின் எப்போதும் குளிர்ந்தே ஓடும், பெட்ரோல் கூடுதலாகக் குடிக்கும், ஆயில் சீக்கிரம் கெடும். சில எஞ்சின்களில் தெர்மோஸ்டாட்டின் அடித்தட்டுதான் குறுக்குவழியை அடைக்கும். அதைக் கழற்றிவிட்டால் கூலண்ட் ரேடியேட்டருக்குப் போகாமல் அந்தக் குறுக்குவழியிலேயே சுற்றிச் சுற்றி வந்து, கழற்றியும் எஞ்சின் சூடாகும்.

## முள் ஊஞ்சலாடுகிறது

ஏறுகிறது, திடீரென இறங்குகிறது, மறுபடி ஏறுகிறது. அண்மையில் கூலண்ட் மாற்றினீர்களா, ஹோஸ் ஏதாவது கழற்றினீர்களா? ஆம் என்றால் காற்றுதான். கீழே சொல்லியிருக்கும் காற்று எடுக்கும் வேலையை மட்டும் செய்து பாருங்கள், எந்தச் சாமானும் வாங்க வேண்டாம். யாரும் கை வைக்கவில்லை என்றால் கூலண்ட் அளவு, பிறகு சென்சார் ப்ளக்கில் பச்சைத் துரு, கடைசியில் சிக்கிச் சிக்கித் திறக்கும் தெர்மோஸ்டாட் என்று போங்கள். காற்றை எடுத்த பிறகும் இரண்டு மூன்று நாளில் மறுபடி காற்று சேர்ந்தால், மேலே சொன்ன ஹெட் கேஸ்கட் அடையாளங்களைப் பாருங்கள்.

## எஞ்சின் சூடு, ஹீட்டரில் குளிர்ந்த காற்று

கூலண்ட் குறைவு அல்லது காற்றடைப்பு. முள்ளும் சிவப்பை நோக்கிப் போய்க்கொண்டிருந்தால் உடனே நிறுத்துங்கள், உள்ளே கூலண்ட் கிட்டத்தட்டத் தீர்ந்திருக்கலாம். முள் சரியாக நிற்கிறது, கூலண்ட்டும் முழுதாக இருக்கிறது என்றால் ஹீட்டருக்குப் போகும் இரண்டு ஹோஸையும் தொட்டுப் பாருங்கள். ஒன்று சூடு, ஒன்று குளிர்ச்சி என்றால் ஹீட்டர் உள்ளே அடைத்திருக்கிறது அல்லது அதன் வால்வு திறக்கவில்லை. இரண்டும் சூடு என்றால் டாஷ்போர்டுக்குள் காற்றைத் திருப்பும் கதவில் கோளாறு. இரண்டுக்கும் தெர்மோஸ்டாட்டுக்கும் சம்பந்தமில்லை.

## ஹவுசிங்கைச் சுற்றிக் கசிவு

முதலில் ஹோஸ் க்ளாம்ப். அது சரி என்றால் இணைப்பில் கசியாமல் அடைக்கும் கேஸ்கட் அல்லது ஓ-ரிங் என்னும் ரப்பர் வளையம். பிளாஸ்டிக் ஹவுசிங் என்றால் தையல் ஓரத்தில் மயிரிழை விரிசல் இருக்கும், டார்ச் அடித்துத் தேடுங்கள். விரிசலில் பசை பூசி ஒப்பேற்ற வேண்டாம். அழுத்தமும் சூடும் சேர்ந்து ஒரே வாரத்தில் அதைப் பிய்த்துவிடும். கசிவை நிறுத்த போல்ட்டை மேலும் மேலும் இறுக்குவதும் ஆகாத காரியம். ஹவுசிங்கின் காது உடையும்.

சில ஹவுசிங்கில் ஒரு மின் ப்ளக்கும் இருக்கும். அவற்றில் உள்ள தெர்மோஸ்டாட்டை எஞ்சின் கணினி சூடாக்கித் திறக்கும். ஸ்கேனரில் பி0597, பி0598, பி0599 வந்தால் அந்தச் சுற்றில்தான் பிரச்சினை. ப்ளக்கைக் கழற்றிப் பாருங்கள், உள்ளே கூலண்ட் ஊறியிருந்தால் தெர்மோஸ்டாட்டை ஹவுசிங்கோடு சேர்த்து மாற்ற வேண்டும். ஈரமில்லை, ஒயரும் நன்றாக இருக்கிறது, புதிய சாமான் போட்டும் அதே எண் வருகிறது என்றால் ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் விட்டுவிடுங்கள்.

## மாற்றும் வேலை

### உங்களால் முடியுமா என்று முதலில் பாருங்கள்

பானெட்டைத் திறந்ததும் ஹவுசிங் கண்ணுக்குத் தெரிகிறது, ஸ்பேனர் நேராகப் போகிறது என்றால் தாராளமாகச் செய்யலாம். டைமிங் பெல்ட் கவருக்குப் பின்னாலோ இன்டேக் மேனிஃபோல்டுக்கு அடியிலோ ஒளிந்திருந்தால் வொர்க்ஷாப்பில் கொடுப்பதுதான் புத்திசாலித்தனம். பழைய இரும்பு போல்ட் அலுமினிய ஹவுசிங்கில் வெள்ளையாகப் பூத்துப்போய் நின்றாலும் இரண்டு முறை யோசியுங்கள்.

### புதியதை வெந்நீரில் சோதித்தல்

கடையிலிருந்து வந்ததையும் சோதிக்காமல் பொருத்தாதீர்கள். அதன் தகட்டில் 82, 88, 92 என்று ஓர் எண் அச்சாகியிருக்கும். எத்தனை டிகிரியில் திறக்கத் தொடங்கும் என்பது அது. பழையதும் புதியதும் ஒரே எண்தானா என்று பாருங்கள். 'குளிர்ச்சியாக ஓடட்டும்' என்று குறைந்த எண் வாங்கிப் போட்டால் மறுபடி பி0128 வர வாய்ப்புண்டு.

முதலில் குளிர்ந்த நிலையில் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். வால்வின் ஓரத்தில் வெளிச்சம் தெரிந்தால் மூடவில்லை என்று பொருள். அடுத்து, வால்வைக் கொஞ்சம் அழுத்தித் திறந்து ஒரு நூலை அதன் வாயில் கவ்வவிட்டு, அந்த நூலிலேயே ஒரு பாத்திரத் தண்ணீருக்குள் தொங்கவிடுங்கள். பாத்திரத்தின் அடியைத் தொடக் கூடாது. தெர்மாமீட்டரையும் பக்கத்தில் தொங்கவிட்டு மெதுவாகச் சூடேற்றுங்கள். வால்வு திறக்கத் தொடங்கியதும் தெர்மோஸ்டாட் நூலை விட்டுத் தொபுக்கென்று விழும். அப்போது தெர்மாமீட்டர் காட்டுவது அச்சிட்ட எண்ணிலிருந்து இரண்டு மூன்று டிகிரிக்குள் இருக்க வேண்டும். மேலும் 10, 15 டிகிரி ஏறும்போது ஒரு சுண்டுவிரல் நுனி போகிற அளவுக்கு, ஏறக்குறைய 8 மில்லிமீட்டர், திறந்திருக்கும். வெளியே எடுத்து ஆறவிட்டால் முழுக்க மூட வேண்டும். 92க்கு மேற்பட்ட எண் என்றால் தண்ணீர் கொதிக்கும் வரைகூட முழுதாகத் திறக்காது. அது குற்றமில்லை. பழையதைச் சோதித்த பாத்திரத்தைச் சமையலுக்குத் திரும்பக் கொண்டுபோகாதீர்கள்.

### கழற்றுதல்

ஆறிய எஞ்சின். கீழே ஒரு அகலமான தட்டு. ரேடியேட்டர் அடியில் உள்ள திருகைத் திறந்து, ஹவுசிங்கின் மட்டத்துக்குக் கீழே போகும் வரை மட்டும் கூலண்ட்டை வடியுங்கள். மேல்பக்க ஹவுசிங் என்றால் இரண்டு மூன்று லிட்டர் போதும். அந்தப் பிளாஸ்டிக் திருகு பழைய காரில் உடையும். பயமாக இருந்தால் அதைத் தொடாமல் கீழ் ஹோஸைக் கழற்றி வடிக்கலாம், கொஞ்சம் குளித்துவிடுவீர்கள், அவ்வளவுதான்.

ஹோஸ் ஒட்டிக்கொண்டிருந்தால் இழுக்க வேண்டாம். முன்னும் பின்னும் திருகினால் விட்டுக்கொடுக்கும். ஸ்க்ரூ டிரைவரை விட்டு நெம்பினால் குழாய்முனையில் கீறல் விழும். பிறகு எந்த க்ளாம்ப் போட்டாலும் அங்கே கசியும்.

போல்ட்டுகள் பெரும்பாலும் 10 மில்லிமீட்டர் ஸ்பேனருக்குரியவை. நீளம் வேறுவேறாக இருக்கலாம், ஓர் அட்டையில் ஹவுசிங் வடிவை வரைந்து அந்தந்த இடத்தில் குத்தி வையுங்கள். துருப்பிடித்த போல்ட்டுக்குத் துரு எண்ணெய் விட்டு அரை மணி நேரம் காத்திருங்கள். முதலில் ஒரு நூலளவு இறுக்கி, பிறகு தளர்த்துங்கள். திருகும்போது ரப்பர் மாதிரி முறுக்குவது கையில் தெரிந்தால் உடனே நிறுத்துங்கள், அடுத்த கால் சுற்றில் தலை ஒடியும். ஒடிந்தால் நீங்களே துளைபோட்டு எடுக்கப் பார்க்காமல் மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். நான் எடுக்கப் பார்த்தேன், ஹவுசிங்கின் மரையும் போனது.

பழையதை வெளியே எடுக்கும் முன் அது எப்படி உட்கார்ந்திருக்கிறது என்று ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

### பொருத்துதல்

ஓட்டைக்குள் ஒரு துணியைத் திணித்துவிட்டு, ஒட்டியிருக்கும் பழைய கேஸ்கட்டைப் பிளாஸ்டிக் துண்டால் சுரண்டுங்கள். உப்புத்தாளையும் இரும்புத் தகட்டையும் தள்ளி வையுங்கள், அலுமினியத்தில் கோடு விழுந்தால் கசியும். துணியை எடுக்க மறக்காதீர்கள். சிரிக்காதீர்கள், நடக்கிற விஷயம்தான்.

ஸ்ப்ரிங் உள்ள பக்கம் எஞ்சினைப் பார்த்து இருக்க வேண்டும். தலைகீழாகப் போட்டால், சூடு பட்டு விரிந்து வால்வைத் திறக்க வேண்டிய மெழுகுக் குமிழ் ரேடியேட்டர் பக்கம் போய்விடும், நேரத்துக்குத் திறக்காமல் எஞ்சின் கொதிக்கும். தகட்டில் ஆடிக்கொண்டிருக்கும் சின்ன ஆணி இருந்தால் அது மேலே, கடிகாரத்தில் 12 மணி இருக்கும் இடத்தில், நிற்க வேண்டும். காற்று வெளியேறும் வழி அதுதான்.

ரப்பர் வளையம் வரும் தெர்மோஸ்டாட்டுக்கு சிலிக்கான் பசை வேண்டவே வேண்டாம். பிதுங்கி உள்ளே போகும் பசைத்துண்டு ரேடியேட்டரின் நுண்குழாயை அடைக்கும். ஹவுசிங்கை வைக்கும்போது தெர்மோஸ்டாட் தன் பள்ளத்தைவிட்டு நழுவாமல் பாருங்கள். நழுவியது தெரியாமல் இறுக்கினால் ஹவுசிங் விரிசல் விடும். எல்லா போல்ட்டையும் முதலில் விரலாலேயே ஏற்றிவிட்டு, மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். இந்த அளவு போல்ட்டுக்கு ஏறக்குறைய 10 நியூட்டன் மீட்டர்தான் வரும். காரின் கையேட்டில் வேறு எண் இருந்தால் அதுவே சரி. டார்க் ரெஞ்ச் இல்லாவிட்டால் குட்டை ஸ்பேனரால், மணிக்கட்டு பலத்தில் மட்டும் இறுக்குங்கள்.

## காற்றை வெளியேற்றுதல்

இதுவரை செய்தது அரை மணி நேர வேலை. நான் பார்த்தவரை, 'தெர்மோஸ்டாட் மாற்றியும் சூடாகிறது' என்று வருபவர்கள் கோட்டைவிட்டது இந்த இடத்தில்தான்.

காரின் மூக்கு சற்று மேலே இருக்கும்படி சரிவில் நிறுத்துங்கள். ஹீட்டரை முழுச் சூட்டில் வையுங்கள். கையேட்டில் சொன்ன வகைக் கூலண்ட்டை, தனியாக வாங்கி நீங்களே கலப்பதென்றால் சம அளவு காய்ச்சி வடித்த தண்ணீரோடு, புனல் வைத்து மெதுவாக ஊற்றுங்கள். நிறம் ஒன்றாக இருப்பதால் வகையும் ஒன்று என்று நினைக்க வேண்டாம். ஊற்ற ஊற்ற மேல் ஹோஸையும் கீழ் ஹோஸையும் பிசைந்து கொடுங்கள், குளுக் குளுக் என்று காற்று வரும். காற்றுத் திருகு இருக்கும் கார் என்றால் அதைத் தளர்த்தி, குமிழி இல்லாமல் கூலண்ட் மட்டும் வழியும்போது மூடுங்கள்.

இனி எஞ்சினைக் கிளப்புங்கள். மூடியைத் திறந்து வைத்துச் செய்ய வேண்டுமா, மூடிச் செய்ய வேண்டுமா என்பது காருக்குக் கார் மாறும், கையேடு சொல்வதைச் செய்யுங்கள். திறந்து வைக்கும் கார் என்றால் முகத்தைக் குழாய்க்கு நேரே வைக்காதீர்கள். தெர்மோஸ்டாட் திறக்கும் நேரத்தில் அளவு திடீரென்று இறங்கும், நிரப்புங்கள். ஃபேன் இரண்டு முறை சுற்றி அணையும் வரை ஓடவிட வேண்டும். மேல் ஹோஸ், கீழ் ஹோஸ், ஹீட்டர் காற்று மூன்றும் சூடாக இருந்தால் காற்று பெரும்பாலும் போய்விட்டது. பிறகு எஞ்சினை நிறுத்தி, ஆறவிட்டு, அளவைப் பாருங்கள்.

சில புதிய கார்களில் தனியாக ஒரு மின் பம்ப் இருக்கும், அதை ஸ்கேனர் வழியாக ஓடவிட்டால்தான் காற்று போகும். வேறு சிலவற்றில் வெற்றிடக் கருவி வைத்து நிரப்ப வேண்டும். இரண்டு முறை முயன்றும் ஹீட்டரில் சூடு வரவில்லை என்றால் மூன்றாவது முறை வேண்டாம், கருவி உள்ள வொர்க்ஷாப்புக்குப் போகலாம்.

## மாற்றிய பிறகும் சரியாகவில்லை

இன்னும் சூடாகிறது: மறுபடி காற்றை எடுங்கள். எடுத்தும் சூடு என்றால் ஹவுசிங்கைத் திறந்து, தலைகீழாகப் போட்டுவிட்டோமா என்று எடுத்து வைத்த படத்தோடு ஒப்பிடுங்கள். சரியாகத்தான் இருக்கிறது என்றால் குற்றவாளி வேறு. ரேடியேட்டர், வாட்டர் பம்ப், ஹெட் கேஸ்கட் என்ற வரிசை இனி மெக்கானிக்குடையது.

இன்னும் சூடேறவில்லை: எண் சரியா, ரப்பர் மடங்கி வால்வு ஓரத்தில் இடைவெளி விழுந்திருக்கிறதா என்று பாருங்கள்.

விளக்கு அணையவில்லை: ஸ்கேனரில் எண்ணை அழித்துவிட்டு இரண்டு மூன்று நாள் ஓட்டுங்கள். திரும்ப வந்தால் சென்சார் பக்கம் போங்கள்.

சொட்டுகிறது: ஹோஸ் முனையா, கேஸ்கட்டா என்று உலர்ந்த தாளால் ஒற்றிப் பார்த்தால் தெரியும். கேஸ்கட் என்றால் திறந்து புதியதாகப் போடுங்கள். ஒருமுறை நசுங்கிய கேஸ்கட் இரண்டாம் முறை உதவாது.

வடித்த கூலண்ட்டை மூடியுள்ள கேனில் ஊற்றி, பழைய ஆயிலை வாங்கிக்கொள்ளும் இடத்தில் கொடுங்கள், சாக்கடையில் விடாதீர்கள். அடுத்த மூன்று நான்கு நாள் காலையில் கிளப்பும் முன் அளவைப் பாருங்கள். முதல் இரண்டு நாள் கொஞ்சம் இறங்கினால் மிச்சக் காற்று வெளியேறியது என்று எடுத்துக்கொண்டு நிரப்பலாம். நான்காம் நாளும் இறங்குகிறது, தரையில் ஒரு சொட்டும் இல்லை என்றால் அழுத்தச் சோதனைக்குக் காரை அனுப்பிவிடுங்கள்.